படிக்கட்டு மேடம் செய்தது வேலையா?

அந்தப் பெயரை வைத்தது மாணவர்கள். பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக் கட்டடத்தில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குக் கீழே அகலமான திட்டு. ஒப்பந்த ஆசிரியர்களுக்குத் தனி அறை கிடையாது, பொது அறை கிடையாது, ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அதனால் வகுப்பு முடிந்ததும் மேடம் நேரே அந்தத் திட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். சந்தேகம் உள்ளவர்கள் கீழ்ப்படிகளில் வரிசையாக உட்காருவார்கள். மேலே போகிற பேராசிரியர்கள் பைகளையும் கால்களையும் தாண்டித் தாண்டிப் போவார்கள். "படிக்கட்டு மேடம் இருக்காங்களா?" என்று கேட்டால் வாசல் காவலாளிகூட நிமிராமல் கையை மேலே காட்டுவார்.

சிலருக்குப் பசி பொறுக்காது, சிலருக்குத் தூக்கம் பொறுக்காது. மேடத்துக்கு அடுத்தவர் சந்தேகம் பொறுக்காது. எதிரில் இருக்கிறவர் நெற்றியைச் சுருக்கினால் போதும், கை தானாகப் பேனாவைத் தேடும். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் பாதி மரத்துப் போயிருக்கும்போதே, பக்கத்து நாற்காலிக்காரருக்கு வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவருடைய கணவர் லிப்ட் மெக்கானிக். "இவ என்னிக்காவது லிப்ட்ல மாட்டினா நான் அவசரமே படமாட்டேன். கதவைத் திறந்தா உள்ள இருக்கற அத்தனை பேரும் பாஸாகி வெளிய வருவாங்க" என்று எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்தப் படிக்கட்டு நேரத்துக்குப் பல்கலைக்கழகம் ஒரு நாளும் சம்பளம் கொடுத்ததில்லை. வகுப்பறைக்குள் நிற்கிற மணிக்கு மட்டும்தான் சம்பளம். பாடம் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, சந்தேகம் தீர்ப்பது எதுவும் கணக்கில் வராது. ஆராய்ச்சி மாணவர்களின் பாடு இதைவிட மோசம். பேராசிரியர்களின் வகுப்புகளில் பாதியை அவர்கள்தான் எடுத்தார்கள், தாள்களில் முக்கால்வாசியை அவர்கள்தான் திருத்தினார்கள். கேட்டால், "இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சிதானே" என்று தோளில் தட்டிக் கொடுத்தார்கள். வாங்கிய தட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்து வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொல்ல முடியுமா?

ஒரு செமஸ்டரின் நடுவில் இரண்டு தரப்பும் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. நிரந்தரப் பேராசிரியர்களில் சிலரும் மனசாட்சி உறுத்தி வந்து சேர்ந்தார்கள். முன்னால் நின்று நடத்தியவன் நெட்டை. வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவன். நிலைப்படிகளில் இடித்து இடித்து நெற்றியில் நிரந்தரமாக ஒரு வீக்கம். கோரிக்கை ஒன்றுதான்: வகுப்புக்கு வெளியே செய்கிற வேலையையும் வேலையென்று ஒத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தைக்கு நிர்வாகத்தின் பக்கம் வந்து உட்கார்ந்தவர் பதிவாளர். குரலை உயர்த்தவே மாட்டார், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. அவர் பாடியது ஒரே பல்லவி.

"வகுப்புக்கு வெளிய செய்யறதெல்லாம் அவங்கவங்க ஆர்வத்துல செய்யறதுங்க. ஆர்வத்துக்கு எப்படி நாங்க சம்பளம் போட முடியும்?"

மேடம் கோஷம் போடுகிற ரகம் இல்லை. முதல் நாள் கையை உயர்த்தச் சொன்னபோது, வகுப்பில் பதில் தெரிந்த மாணவி மாதிரி ஒற்றை விரலைத்தான் உயர்த்தினார். ஆனாலும் சேர்ந்தார். சேர்ந்ததோடு நிற்காமல் சரித்திர சாரையும் இழுத்து வந்தார். அவரும் ஒப்பந்த ஆசிரியர்தான். குள்ளமான, படபடவென்று பேசுகிற, மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். "எனக்கு இதை விட்டா வேற நாதி கிடையாது மேடம். வீட்ல ரெண்டு பேர் படிக்கறாங்க. என்னை விட்டுடுங்க" என்று கும்பிட்டார். மேடம் விடவில்லை. கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில், போட்டோகாப்பிக் கடையில் என்று போகிற இடமெல்லாம் நச்சரித்தார். கடைசியில் மேடத்தின் முகத்துக்காகத்தான் அவர் வந்தார்.

பல்கலைக்கழக வாசலில் கோரிக்கை அட்டை பிடித்து நிற்கிறவர்களுக்கு நெட்டை விதிகளைச் சொன்னான். "பாடம் எடுக்கக் கூடாது. தாள் திருத்தக் கூடாது. யாராவது போன் பண்ணிக் கேட்டாக்கூடச் சந்தேகம் சொல்லக் கூடாது. மேடம், உங்களைப் பாத்துத்தான் சொல்றேன்."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். மாணவர்கள் வந்து கை குலுக்கினார்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். புத்தகத்தோடு வருகிறவனைக் கண்டால் மேடம் ஓடிப்போய்த் தேநீர்க்கடைக்குப் பின்னால் நின்றுகொள்வார். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேடத்தின் மாணவியான சலவைக்கடைப் பெண் வந்து சேர்ந்தாள். காலையில் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிறவள். நிகழ்தகவுத் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? உங்களுக்கு ஆதரவு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். போகத் திரும்பியவள், வாய் சும்மா இராமல் கேட்டாள்: "மேடம், டப்பாவுல இருந்து ஒரு பந்தை எடுத்துத் திரும்பப் போட்டா ஒரு விடை, போடாம விட்டா வேற விடை. எடுத்தது எடுத்ததுதானே? அது ஏன் அடுத்ததை மாத்துது?"

"இப்ப முடியாதும்மா. வேலைநிறுத்தம்."

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மேடம், மறந்துட்டேன். பரவால்ல. எப்படியும் இந்தத் தடவையும் பெயில்தான்."

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் மேடம் கல்லாக நின்றிருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் வினையாகப் போனது.

பக்கத்தில் சங்கத்தின் பேட்ஜ் டப்பா இருந்தது. ஆசிரியர்களுக்குச் சிவப்பு, ஆராய்ச்சி மாணவர்களுக்கு வெள்ளை. "இங்க பாரு. ஒண்ணை எடு. என்ன நிறம்? சிவப்பு. குத்திக்கோ. இப்ப டப்பாவுல முன்ன இருந்த அளவு சிவப்பு இருக்கா? டப்பாவே மாறிப்போச்சு இல்ல? பழைய டப்பாவை நினைச்சுக்கிட்டுப் புது டப்பாவுக்குக் கணக்குப் போடறே நீ!" என்றார். எட்டிப் பார்க்க இன்னும் இருவர் வந்தார்கள். பிறகு ஐந்தாறு பேர். பிறகு எண்ணவில்லை. மேடம் கையிலிருந்த கோரிக்கை அட்டையைத் திருப்பி மடியில் சாய்த்து, பின்பக்கத்து வெள்ளையில் ஸ்கெட்ச் பேனாவால் மரம் மாதிரி கிளை கிளையாக வரைய ஆரம்பித்தார். "பின்னால இருக்கறவங்களுக்குத் தெரியுதா?" என்று வேறு கேட்டார். திரும்பப் போடாத கணக்கு முடிவதற்குள் கூட்டத்தில் அத்தனை பேர் சட்டையிலும் சங்கத்தின் பேட்ஜ் ஏறியிருந்தது. சலவைக்கடைப் பெண் "அட, இவ்வளவுதானா!" என்று கத்தினாள். மேடத்துக்கு உலகமே மறந்துபோயிருந்தது.

நிர்வாகக் கட்டடத்தின் மாடியிலிருந்து யாரோ படம் எடுத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் படம் எல்லா அறிவிப்புப் பலகைகளிலும் இருந்தது. மாணவர்களின் முதுகுகள், நடுவில் பேனாவும் கையுமாக மேடம். பேட்ஜ் ஒன்றும் தெரியவில்லை, அட்டையின் கோரிக்கையும் மேடத்தின் மடிப்பக்கம் மறைந்திருந்தது. கீழே பெரிய எழுத்தில்: 'வேலைநிறுத்தம் பிசுபிசுத்தது. ஆசிரியர்கள் தாமாகவே வகுப்புகளைத் தொடங்கிவிட்டனர்.' அதைப் பார்த்த நிரந்தரப் பேராசிரியர்களில் இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் கம்பி நீட்டினார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் சிலருக்கு அவர்களுடைய வழிகாட்டிகளிடமிருந்து போன் வந்தது: அவங்களே ஆரம்பிச்சாச்சு, நீ ஏன் இன்னும் வெயில்ல நிக்கறே?

சரித்திர சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது.

"வரமாட்டேன் வரமாட்டேன்னு கதறினவனை இழுத்துக்கிட்டு வந்தீங்க! வந்து நின்னா, நீங்க உக்காந்து கிளாஸ் எடுக்கறீங்க! உங்களுக்கு அரிப்பு தாங்கலைன்னா வீட்ல சுவத்துக்குப் பாடம் நடத்த வேண்டியதுதானே? நாளைக்கு என் வேலை போனா என் பிள்ளைங்களுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. இந்தப் போராட்டம் உடைந்தால் அது தன்னால்தான் உடையும், தான் கூட்டி வந்த மனிதர் உட்பட இத்தனை பேரும் தன்னால்தான் நடுத்தெருவில் நிற்பார்கள் என்பது அந்தக் கணக்கு டீச்சருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "நாளையிலேருந்து நான் போகலைங்க. என் மூஞ்சியைப் பாத்தாலே அவங்களுக்குப் பத்திக்கிட்டு வரும்."

கணவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை. "போய் நில்லும்மா" என்றார். "திட்டுவாங்க. திட்டு வாங்கிக்கிட்டு நில்லு. வீட்ல உக்காந்துட்டா அந்த நோட்டீஸ்ல போட்டது நெசமாயிடும். நாளைக்கு நான் லீவு போட்டுட்டு உன்கூட வந்து நிக்கட்டுமா?"

"நீங்க எதுக்குங்க?"

"திட்டு கொஞ்சம் என் பக்கமும் விழட்டும்னுதான்."

மேடம் அழுதுகொண்டே சிரித்தார். இந்த மனிதர் வாய்த்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று பல முறை நினைத்ததுண்டு. அன்றைக்கு நேராக அவரிடமே சொன்னார். "போ, போய் மூஞ்சி கழுவு" என்று அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மேடம் போனார், தனியாகத்தான். வாசலில் எல்லோர் முன்னாலும், "தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார். நெட்டை மற்றவர்களைப் பார்த்தான், பிறகு மேடத்தைப் பார்த்தான். "மன்னிப்பெல்லாம் அப்புறம் மேடம். இன்னிக்குப் பேச்சுவார்த்தைக்கு உங்களையும் வரச் சொல்லியிருக்காங்க. அந்தப் படத்தைக் காட்டித்தான் கேப்பாங்க. 'சும்மா பேசிட்டிருந்தோம்'னு சொல்லிடுங்க. அதோட விஷயம் முடிஞ்சுது."

மேஜையின் ஒரு பக்கம் நெட்டை, மேடம், 'என்ன பதில் சொல்றாங்கன்னு நானும் பாக்கறேன்' என்று கூட வந்த சரித்திர சார். எதிரில் பதிவாளர், பக்கத்தில் குறிப்பு எழுத ஓர் உதவியாளர். பதிவாளர் படத்தை இரண்டு விரலால் மேஜை நடுவே நகர்த்தினார்.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

மேஜைக்கு அடியில் நெட்டை மேடத்தின் காலை மிதித்தான். நீளக்கால் இலக்குத் தவறிச் சரித்திர சாரின் கால்மேல் விழ, அவர் "ஆ" என்றார். மேடம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா பேசிட்டிருந்தோம். சொல்லிவிட்டால் எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண் "இவ்வளவுதானா!" என்று கத்தியது சும்மாவா? இத்தனை வருஷமாக இவர்கள் சும்மா சும்மா என்று சொல்லித்தானே வயிற்றில் அடித்தார்கள்? அதைத் தன் வாயாலும் சொல்ல வேண்டுமா?

"பாடம் நடத்திட்டிருந்தேன்" என்றார்.

நெட்டை கண்ணை மூடிக்கொண்டான்.

"அதாவது, வேலை செஞ்சீங்க" என்றார் பதிவாளர், மெதுவாக.

"ஆமா சார். வேலைதான் செஞ்சேன். நிறுத்தறேன்னு சொல்லிட்டுச் செஞ்சது தப்புதான், அதுக்கு எங்க ஆளுங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். ஆனா அதைச் சும்மா பேச்சுன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்."

பதிவாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. உதவியாளர் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. அன்னிக்கு வாசல்ல அவங்க செஞ்சது வேலைதான்."

"எழுதுங்க, எழுதுங்க!" என்று சரித்திர சார் துள்ளி எழுந்தார். "சொன்னது பதிவாளர்னு அதையும் சேத்து எழுதுங்க!"

"நான் என்ன சொன்னேன்?"

"வகுப்பறைக்கு வெளிய உக்காந்து சந்தேகம் சொன்னா அது வேலைன்னு சொன்னீங்க. போன வாரம் வரைக்கும் அது ஆர்வமா இருந்துது. இன்னிக்கு வேலை ஆயிடுச்சு. எங்களுக்குச் சந்தோஷம்தான் சார்."

"அது வேற, இது வேற."

"எது வேற? வாசல்ல சொன்னா வேலை, படிக்கட்டுல சொன்னா ஆர்வமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க சார். வேலை இல்லைன்னா, இந்தம்மா எந்த வேலைநிறுத்தத்தையும் உடைக்கல, நோட்டீஸைக் கிழிங்க. வேலைதான்னா, இத்தனை வருஷமா படிக்கட்டுல உக்காந்து செஞ்சாங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க!"

நெட்டை கண்ணைத் திறந்தான். பதிவாளர் ஒரு பேனாவைப் பையில் வைத்து இன்னொன்றை எடுத்தார். பிறகு அதையும் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். உதவியாளர் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே நோட்டீஸ்கள் காணாமல் போயின. மேஜையில் நடந்த கதை வளாகம் முழுக்கப் பரவ, கம்பி நீட்டிய பேராசிரியர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகும் இழுபறி நீண்டது. கடைசியில் சந்தேகம் தீர்ப்பதும் தாள் திருத்துவதும் வேலைதான் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டு, வாரத்துக்கு இத்தனை மணி என்று கணக்கிலும் சேர்த்தார்கள். போன வருஷங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் 'வேலை' என்ற அந்தச் சொல்லை மேடம் திரும்பத் திரும்பப் படித்தார். தன்னை ஒரு பைத்தியம் என்றுதான் அவரே நினைத்திருந்தார். தான் உழைத்தவள் என்பதை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சொன்னவரோ, அதற்கு முந்தின நாள் தன்னைக் கிழிகிழி என்று கிழித்த மனிதர்.

மேடம் சரித்திர சாரைத் தேடிப் போய்க் கும்பிட்டார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல சார்."

"அட, போங்க மேடம். அன்னிக்குத் திட்டினதைத் திரும்ப வாங்கிக்கறேன். சரியாப் போச்சு."

"அது நியாயமான திட்டு சார். அது என்கிட்டயே இருக்கட்டும். நன்றியை நீங்க வெச்சுக்குங்க."

நல்லது நடந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளாதவர்கள் எங்கும் உண்டு. அடுத்த செமஸ்டரின் முதல் நாள் காலை வகுப்பு அட்டவணையை ஒட்டினார்கள். மேடத்தின் பெயர் இருந்தது. நெட்டைக்குக்கூட வகுப்பு இருந்தது. சரித்திர சார் பெயர் மட்டும் இல்லை. போதிய மாணவர்கள் சேரவில்லையாம். அவருடைய வகுப்பில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற கூட்டம் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேஜையில் பேசிய வாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள் என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மேடம் முதல் பீரியடுக்குள் போனார். ஹால் நிறைந்திருந்தது. சலவைக்கடைப் பெண் பாஸாகி அடுத்த தாளுக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "மேடம், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சின்ன சந்தேகம்" என்று கையைத் தூக்கினாள்.

பதில் வாய்வரைக்கும் வந்தது. மேடம் அதை விழுங்கினார்.

"இன்னிக்குக் கிடையாதும்மா. சரித்திர சாருக்கு வகுப்பு தரல. அவருக்குத் தர்ற வரைக்கும் நானும் எடுக்கறதா இல்ல."

படியிறங்கி வாசலில் போய் நின்றார். சங்கத்தில் முடிவெடுக்கவில்லை, நெட்டையிடம் சொல்லவில்லை, கையில் ஓர் அட்டைகூட இல்லை. இந்த முறை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறியது தான்தான், வேலையிலிருந்து தன்னைச் சுலபமாகத் தூக்கி எறிந்துவிடலாம் என்பதும் தெரிந்தது. நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வகுப்பு மொத்தமும் இறங்கி வந்திருந்தது. அதற்குப் பின்னால் நெட்டை, மூச்சிரைக்க, புதிதாக எங்கேயோ இடித்துக்கொண்ட நெற்றியோடு.

சரித்திர சார் தன் புத்தகங்களை எடுத்துப் போக வெற்று அட்டைப்பெட்டியோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன மேடம், முதல் பீரியட் உங்களுக்குத்தானே? எல்லாரையும் கூட்டிக்கிட்டு இங்க என்ன பண்றீங்க?"

"உங்களுக்காக நிக்கறோம் சார்."

"ஐயோ, என்னால உங்களுக்கும் போயிடும். உள்ள போங்க, சொன்னாக் கேளுங்க."

"போனாப் போகட்டும் சார்."

அவருக்குக் கோபம்தான் வர வேண்டும். வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய், துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல என்று தெரிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து மேடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் திருத்திய அட்டவணையோடு வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அதுவரை யார் கேட்ட எந்தச் சந்தேகத்துக்கும் மேடம் வாய் திறக்கவில்லை.